பெருத்தால் மலிவா?

திறந்தவெளிச் சுரங்கக்காரர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: லாரி பெரிதானால் ஓட்டுநர் குறைவார், டன்னுக்கு ஆகும் செலவும் குறையும், ஆகவே லாரியும் அதில் கல்லை அள்ளிப் போடும் ஷவலும் இன்னும் பெருத்துக்கொண்டே போகும். ஒரு காலம்வரை இது பலித்தது. நூறு கிலோ கல்லில் ஒரு கிலோ செம்புகூடத் தேறாத தாதைக் காசாக்கியது பெரிய இயந்திரங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு காலாவதியாகிவிட்டது.

பெருத்துக்கொண்டே போகிறதா? 1970-களில் வந்த ‘டெரெக்ஸ் டைட்டன்’ 317 டன் சுமந்தது. தயாரித்தது ஒன்றே ஒன்று. இன்று கனடாவின் ஸ்பார்வுட் ஊரில் காட்சிப்பொருளாக நிற்கிறது. 2009-ல் வந்த கேட்டர்பில்லர் 797எஃப் சுமப்பது 363 டன். முப்பது ஆண்டுக்கு மேல் கடந்தும் கூடியது 46 டன்தான்! 2013-ல் பெலாருஸின் பெலாஸ் 75710 மட்டும் 450 டன்னைத் தொட்டது. எப்படி? டயர் ஏற்கெனவே நாலு மீட்டர் உயரம். அதை வளர்க்க வழியில்லாமல் ஆறுக்குப் பதில் எட்டு மாட்டினார்கள், எஞ்சினையும் இரண்டாக்கினார்கள். விளைவு, வெறும் வண்டியே 360 டன். 797எஃப் தன் எடையில் ஒவ்வொரு டன்னுக்கும் 1.4 டன் சரக்கு ஏற்றும், பெலாஸ் 1.25 டன்தான். குழியிலிருந்து ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கூடுதல் இரும்புக்கும் டீசல் எரிகிறது.

டன்னுக்கான செலவு என்று லாரியை மட்டும் எழுதுகிறார்கள், பாதையை எழுதுவதில்லை. ஒன்பதரை மீட்டருக்கும் அகலமான வண்டிகள் எதிரும் புதிருமாகப் போக முப்பது மீட்டர் பாதை வேண்டும். அதைக் குழியின் சுவரில்தான் செதுக்கியாக வேண்டும். பாதை அகன்றால் சுவர் பின்னுக்குத் தள்ளப்படும். அதற்காக வெடிவைத்துப் பெயர்க்கும் பாறையில் தாது இருக்காது. அந்த வீண்பாறையையும் இதே லாரிதான் சுமக்கிறது. சிக்கனம் என்று வாங்கிய வண்டி தனக்கே வேலை உண்டாக்கிக்கொள்கிறது.

ஷவல் கதை சுருக்கம்: ஒரே வாரில் நூறு டன் அள்ளும் வாளிக்கு மெல்லிய தாதுப் பட்டையும் பக்கத்துக் கல்லும் ஒன்றுதான்.

மிஞ்சுவது ஓட்டுநர் சம்பளம். 2008-லேயே சிலியின் கேப்ரியேலா மிஸ்த்ரால் செம்புச் சுரங்கத்தில் ஆளில்லா லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டன. ஓட்டுநரே இல்லாத இடத்தில் ஓட்டுநரைக் குறைக்க வண்டியை ஏன் வளர்க்க வேண்டும்? அங்கே ஓடியவை 290 டன் சுமக்கும் கோமாட்சு லாரிகள்.