பெட்டியை மாற்றுங்கள், ஆளை மாற்றாதீர்கள்!

பங்குனியில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கல், சித்திரையில் சிவகாசி பத்ரகாளியம்மன் கோயில் பொங்கல், ஆடியில் இருக்கன்குடி என்று எங்கள் மாவட்டத்தில் திருவிழாக்களுக்குக் குறைவே இல்லை. திருவிழா என்றால் மெல்லிசைக் கச்சேரி. கச்சேரி என்றால் மேடையில் ஒரு லீட் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், அவற்றின் பின்னால் ஆளுக்கொரு கனமான ஆம்ப்ளிபயர் பெட்டி. இந்தப் பெட்டியின் வேலையை இப்போது உள்ளங்கால் அகலமுள்ள ஒரு சிறிய கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்கு டிஜிட்டல் மாடலிங் யூனிட் என்று பெயர்.

"பழைய பெட்டியை விற்றுவிட்டு இதை வாங்கலாமா?" என்று கிட்டார் வாசிக்கும் நண்பர்கள் சாப்ட்வேர் வேலையில் இருக்கும் என்னிடம் கேட்கிறார்கள். வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் அதோடு ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் இருக்கும் உங்களுக்கும் இது பயன்படும். ஏனென்றால் அந்த யூனிட் செய்யும் வேலையை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் செய்யும்!

அது எப்படி வேலை செய்கிறது?

கிட்டார் ஆம்ப்ளிபயர் சத்தத்தைக் கூட்டுவதோடு நிற்பதில்லை. சத்தத்தின் குணத்தையே மாற்றுகிறது. வால்வு ஆம்ப்ளிபயரை அதன் எல்லைக்குத் தள்ளினால் சிக்னலின் உச்சிகள் மழுங்கி, ஒருவிதக் கரகரப்பு பிறக்கும். சினிமாப் பாடல்களின் இடையிசையில் நீங்கள் கேட்கும் 'டிஸ்டார்ஷன்' இதுதான். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரும் தன் பங்குக்குக் கூர்மையான ஓசைகளை வடிகட்டி விடும்.

மாடலிங் யூனிட்டில் வால்வு கிடையாது. கிட்டாரிலிருந்து வரும் சிக்னலை வினாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. வால்வு என்ன செய்திருக்கும், ஸ்பீக்கர் என்ன செய்திருக்கும் என்று அந்த எண்களின் மேல் கணக்குப் போடுகிறது. பிறகு மீண்டும் சிக்னலாக மாற்றி வெளியே அனுப்புகிறது. அவ்வளவுதான்!

இது நேற்று வந்த சங்கதி அல்ல. அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் 1996-ல் டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்ளிபயரையும், 1998-ல் பாட் என்ற சிறிய யூனிட்டையும் கொண்டு வந்தது. 2006-ல் ஃபிராக்டல் நிறுவனத்தின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தது. 2011-ல் அறிமுகமான கெம்பர், உங்களிடம் இருக்கும் ஆம்ப்ளிபயரின் குணத்தையே படம் பிடிப்பது போலப் பதிவு செய்துகொண்டது. இன்று நியூரல் ஆம்ப் மாடலர் என்ற சாப்ட்வேர் இதே வேலையை இலவசமாகச் செய்கிறது.

ஏன் வாங்கலாம்?

முதல் காரணம் எடை. ஃபெண்டர் நிறுவனத்தின் புகழ்பெற்ற ட்வின் ரிவெர்ப் வால்வு ஆம்ப்ளிபயர் சுமார் 29 கிலோ. அதே நிறுவனம் அதே தோற்றத்தில் 2019-ல் வெளியிட்ட டிஜிட்டல் மாடல் சுமார் 15 கிலோ. தனி யூனிட் என்றால் தோள் பையில் அடங்கிவிடும். சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு வாசிக்க வருபவர் பஸ்ஸிலேயே வரலாம். வண்டி வாடகை மிச்சம்.

இரண்டாவது காரணம் சத்தம். பட்டாசுக்குப் பெயர் பெற்ற ஊர்க்காரர்களுக்கு டெசிபல் கணக்கு புதிதல்ல. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று 1999-லேயே பட்டாசுக்கு வரம்பு வைத்தார்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ஒலிபெருக்கிக்கும் கடிவாளம் போட்டன. பொது இடத்தில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. திருவிழாக் காலத்தில் மாநில அரசு விரும்பினால் நள்ளிரவு வரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை.

வால்வு ஆம்ப்ளிபயரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. சத்தமாக வைத்தால்தான் நன்றாகப் பாடும்! அது கத்தினால் பாடுபவருக்குத் தன் குரல் கேட்காது. அவர் மைக்கைக் கூட்டச் சொல்வார், டிரம்ஸ்காரர் இன்னும் ஓங்கி அடிப்பார். மாடலிங் யூனிட்டிலிருந்து வயர் நேராக மிக்ஸருக்குப் போகிறது. அதே கரகரப்பை மெல்லிய சத்தத்திலும் பெறலாம். எவ்வளவு கூட்டுவது என்பது மிக்ஸரில் இருப்பவர் கையில்.

மேடையில் கவனிக்க வேண்டியவை

* மிக்ஸருக்கு நேராகக் கொடுக்கும்போது 'கேபினெட் சிமுலேஷன்' என்ற வசதியை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் தகரத்தில் ஆணி கிழிப்பது போலக் கேட்கும். கூம்பு ஒலிபெருக்கி என்றால் கேட்கவே வேண்டாம்.

* ஜெனரேட்டர் ஒரு வினாடி அணைந்தாலும் யூனிட் கம்ப்யூட்டரைப் போல மீண்டும் 'பூட்' ஆகும். பாட்டு காத்திருக்காது. ஒரு சிறிய யூபிஎஸ் அவசியம்.

* பாட்டுக்கு ஒன்றாக சேமித்து வைத்த செட்டிங்குகளை பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

எச்சரிக்கை என்ன?

இயந்திரம் மேடைக்கு வந்த கதை நமக்குப் புதிதல்ல. 1979-ல் பெங்களூரு பொறியாளர் ஜி. ராஜ்நாராயண் எலெக்ட்ரானிக் தம்புராவை உருவாக்கினார். தனியாக சாதகம் செய்யும் மாணவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பல கச்சேரி மேடைகளில் பாடகருக்குப் பின்னால் தம்புராவோடு அமர்ந்திருந்தவரின் இடம் காலியானது. சிவகாசிக்காரர்கள் அச்சுத் தொழிலில் இதையே பார்த்தவர்கள். டிடிபி வந்தபோது ஈய எழுத்துகளைக் கையால் கோர்த்தவர்களின் வேலை போயிற்று.

ஆகவே ஒரு புதிய பெட்டி வரும்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். இது கருவியை மாற்றுகிறதா, ஆளை மாற்றுகிறதா?

மாடலிங் யூனிட் கருவியை மாற்றுகிறது. யாரும் கம்பியைத் தொடாவிட்டால் அதிலிருந்து ஒரு சுரமும் வராது. விரலின் அழுத்தம், மீட்டும் வேகம், கம்பியை வளைக்கும் பக்குவம் எல்லாம் வாசிப்பவருடையவை. ஆனால் மேடைக்கு வரும் இன்னொரு பெட்டி அப்படியல்ல. லேப்டாப்பில் கரோக்கி டிராக்கை ஓடவிட்டு இரண்டு பேர் பாடினால் கச்சேரி முடிந்தது! அங்கே கிட்டார்காரரும் இல்லை, தபேலாக்காரரும் இல்லை. பாடகர் ஒரு வரியை மறந்தால் நின்று காத்திருக்கவும் ஆள் இல்லை. கூட்டம் "ஒன்ஸ் மோர்" கேட்டால் இடையிசையை இன்னும் ஒரு சுற்று நீட்டவும் ஆள் இல்லை.

இரண்டும் 'டிஜிட்டல்' என்ற ஒரே பெயரில் வருவதுதான் ஆபத்து. விழாக் கமிட்டிக்கு வித்தியாசம் தெரிவதில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர்தானே தம்பி, ஆள் எதற்கு?" என்று சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து பழைய பெட்டியைக் கட்டி அழுவதிலும் பலன் இல்லை. வண்டி வாடகையும் ரிப்பேர் செலவும் கூடக்கூட, கமிட்டி கரோக்கி பக்கம்தான் சாயும். பையோடு பஸ்ஸில் வந்து, பத்து நிமிடத்தில் தயாராகி, பத்துப் பாட்டுக்குப் பத்துவித ஓசை தரும் கிட்டார்காரரை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. அதனால்தான் வாங்குங்கள் என்கிறேன்.

வீட்டில் முயன்று பாருங்கள்

பெரிய தொகை போடுவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம். கிட்டார் வயரை கம்ப்யூட்டரின் மைக் துளையில் செருகாதீர்கள். ஓசை மெலிந்து போகும். கிட்டாருக்கென்று தனித் துளை உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். விண்டோஸ் என்றால் அதற்குரிய 'ஏசியோ' டிரைவரை நிறுவுங்கள். லினக்ஸ் என்றால் கிட்டாரிக்ஸ் இலவசம். ஆப்பிள் என்றால் கராஜ்பேண்டிலேயே ஆம்ப்ளிபயர்கள் இருக்கின்றன.

அடுத்து 'பஃபர்' அளவைக் கவனியுங்கள். 128 என்று வைத்தால், 48,000 வேகத்தில் அந்த ஒரு பஃபருக்கான தாமதம் சுமார் 2.7 மில்லிசெகண்ட். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டில் சுமார் 35 சென்டிமீட்டர் போகும். அதாவது ஆம்ப்ளிபயரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பது போலத்தான். உள்ளே, வெளியே எல்லாம் சேர்த்து 10 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் கை தடுமாறாது. கம்ப்யூட்டர் திணறிப் 'பட் பட்' என்று ஓசை வந்தால் பஃபரை 256 ஆக்குங்கள்.

ஒரு மாதம் இப்படி வாசித்துப் பாருங்கள். காதுக்கும் கைக்கும் பிடித்தால் மேடைக்கு யூனிட் வாங்குங்கள். விழாக் கமிட்டியில் உங்கள் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் இந்த வித்தியாசத்தை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த பொங்கலுக்குக் குழுவைப் பேசும்போது, "எத்தனை பாட்டு?" என்பதோடு "எத்தனை பேர் வாசிக்கிறார்கள்?" என்றும் அவர் கேட்கட்டும்.