சீரம் சொல்லாததும் விழித்திரை சொல்வதும்

நீரிழிவு விழித்திரை நோயில் யாருக்குப் பார்வை பறிபோகும் என்பதை குருதியில் செய்யும் ஒரு பரம்பரையலகுப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லிவிடும் என்ற நம்பிக்கைக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஆறாம் நிறமூர்த்தத்தின் குறுங்கையிலுள்ள குருதிக்கலன்களை வளரச்செய்யும் வி.ஈ.ஜி.எப். புரதத்துக்கான வி.ஈ.ஜி.எப்.-ஏ பரம்பரையலகில் +405 என்ற இடத்து மாறுபாட்டுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என 2002இல் யப்பானிய ஆய்வொன்று கூறியது. பின்வந்தவற்றில் சில அதை ஆதரித்தன, சில மறுத்தன. மதுரை அரவிந்த் ஆய்வாளர்கள் 2006இல் தென்னிந்திய நோயாளிகளிடம் இதே பரம்பரையலகை ஆராய்ந்தபோதும் ஆட்தொகை சிறியதே. இந்த நிலையில் அப்பரிசோதனையை யாழ்ப்பாணத்து நோயாளிக்கு எழுதிக்கொடுப்பதை இவ்விதழ் ஆதரிக்கவில்லை.

காரணம் உயிரியலிலேயே இருக்கிறது. நுண்கலன்கள் அடைபட்டு ஒட்சிசன் குறையும்போது விழித்திரைக் கலங்களே வி.ஈ.ஜி.எப்.ஐச் சுரக்கின்றன. பெருகுநிலை நோயில் கண்ணின் பாய்மத்தில் அது உயர்ந்திருப்பதை ஐயெல்லோ குழுவினர் 1994இல் அளந்து காட்டினர். ஆக, விசையை அழுத்துவது ஒட்சிசன் பஞ்சம். அதற்கு உடல் எவ்வளவு பதிலளிக்கிறது என்பதில் பரம்பரைக்கும் பங்கிருக்கலாம், ஆனால் அப்பங்கை ஒற்றை மாறுபாட்டில் தேடுவது வீண். சீர வி.ஈ.ஜி.எப். அளவு ஆளுக்காள் வேறுபடுவதில் ஏறத்தாழப் பாதியை நான்கே மாறுபாடுகள் விளக்குவதாக 2011இல் வெளிவந்த முடிவை இதற்கு எதிராகக் காட்டுவர். திகைக்கவைக்கும் எண்தான். ஆனால் சீரத்தில் இருப்பதில் பெரும்பகுதி, குருதி உறையும்போது சிறுதட்டுகள் கொட்டியது. கண்ணுக்குள் நடப்பதற்கு அது சாட்சியாகாது.

வி.ஈ.ஜி.எப்.ஐத் தடுக்கக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்தைத் தெரிவுசெய்யவாவது பரம்பரையலகுப் பரிசோதனை உதவாதா என்று கேட்கலாம். பெவசிசுமாப், ரனிபிசுமாப், அப்லிபெர்செப்ட் மூன்றையும் மஞ்சட்புள்ளி வீக்கத்தில் ஒப்பிட்டு 2015இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில், முதலாண்டில் மருந்துகளின் தரத்தைப் பிரித்துக்காட்டியது நோயாளியின் தொடக்கப் பார்வைக்கூர்மை. அதை அளக்கச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டை போதும்.

அப்படியென்றால் பரம்பரை ஆய்வே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு ஒழுங்கில். ஆயிரம் ஜெனோம் திட்டத்தில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் நூறு பேரளவில் இடம்பெற்றிருப்பதால் எமது தரவு ஏற்கெனவே உண்டு என்பார்கள். அத்தரவிலிருந்து ஒரு மாறுபாடு எம்மிடையே எவ்வளவு பரவலானது என்று அறியலாம். நோய்த்தகவல் எதுவும் அதனோடு சேர்க்கப்படாததால் அதற்கப்பால் ஒன்றும் அறியமுடியாது. யாழ். போதனா வைத்தியசாலைக்கு வரும் நீரிழிவு நோயாளியின் விழித்திரைப் படம், எச்பிஏ1சி, நோயின் காலம், சிறுநீரக நிலை ஆகியவை ஒரே பதிவில் ஆண்டாண்டாகச் சேரவேண்டும். டி.என்.ஏ. மாதிரி, தமிழில் விளக்கிப் பெற்ற சம்மதத்தோடு, அந்தப் பதிவின் பின்னால் வரட்டும். படப்பிடிப்புக்கே ஆளும் கருவியும் போதாத இடத்தில் முதல் செலவு எதற்கென்பதில் எமக்கு ஐயமில்லை.