மறுபடியும் வாடகை சைக்கிள்

2019-இல் சென்னையில் பொது வாடகை சைக்கிள் வந்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. மெரினாவில் வரிசையாக நின்றிருந்தன. எங்கள் காலத்தில் கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு, மட்கார்டில் நம்பர் போட்ட வண்டியைத் தருவார். ஐந்து நிமிடம் பிந்தினால் அடுத்த அரை மணிக்கும் காசு! இதற்கோ கடையுமில்லை, நோட்டுமில்லை. செல்போனில் ஆப் இறக்கி, வண்டியிலுள்ள கியூஆர் கோடைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. இருபது நிமிடம் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு கல்லூரிப் பையன், "கொடுங்க தாத்தா" என்று வாங்கித் திறந்து கொடுத்தான்.

கடற்கரை உட்சாலையில் ஓட்டியது பரம சுகம். முழங்கால் வலியே மறந்துவிட்டது. காமராஜர் சாலைக்கு வந்ததும் பின்னால் ஒரு பஸ் அடித்த ஹாரனில் வெலவெலத்துப்போய், இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தேன். காந்தி சிலையருகே காத்திருந்த என் மனைவி, "இதுக்கு நடந்தே வந்திருக்கலாமே!" என்றாள்.

திட்டம் நல்லதாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியைக் கொடுத்தால் போதுமா? அது போக சாலையோரம் நான்கடி இடம் வேண்டாமா என்று தோன்றியது. ஆப் தெரியாதவர்களுக்கு உதவ ஸ்டாண்டில் ஒரு ஆளையும் உட்கார வைத்திருக்கலாம். எனக்கு விடியற்காலை உட்சாலைதான் சரி என்று அன்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பையனும் வர வேண்டியிருக்கும்!