பனி போர்த்த பெட்டி

குளிர்ப்பெட்டியைத் திறந்ததும் பனிக்கட்டி அறையின் சுவரெங்கும் வெண்பஞ்சு போலப் பனி படர்ந்திருக்கக் கண்டு, பெட்டி நன்றாக வேலை செய்கின்றது என மகிழ்வோர் நம்மிடையே உளர். பனி கூடினால் குளிரும் கூடும் என்பது அவர்தம் எண்ணம். உண்மையோ இதற்கு நேர்மாறானது. வேலியே பயிரை மேய்ந்தாற்போல, அப்பனியே குளிர்ச்சிக்குத் தடையாகின்றது.

குளிர்ப்பெட்டி செய்யும் வேலைதான் யாது? உள்ளேயிருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே விடுவதே அதன் வேலை. தகட்டினுள் ஓடும் திரவம் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்கின்றது. ஒற்றைக் கதவுப் பெட்டிகளிற் பனிக்கட்டி அறையின் சுவரே இத்தகடு. உணவின் வெப்பம் அதன் ஊடாகவே செல்லல் வேண்டும். அலுமினியம் வெப்பத்தை எளிதிற் கடத்தும். பனிக்கட்டியோ அதில் ஏறக்குறைய நூறிலொரு பங்கே கடத்தும். காற்றுப் பொதிந்த வெண்பனி இன்னும் குறைவாகவே கடத்தும். வடதுருவப் பகுதியில் இனுயிற் மக்கள் பனிப்பாளங்களாற் குடில் அமைத்துக் கடுங்குளிருக்குத் தப்பியதும் இப்பண்பினாலன்றோ? அங்கே மனிதரின் உடற்சூட்டைக் காத்த பனி, இங்கே நம் கறிச்சட்டியின் சூட்டைக் காத்து நிற்கின்றது!

இதனால் கொம்பிரசர் எனப்படும் அமுக்கி இயந்திரம் நெடுநேரம் ஓடுகின்றது. மின்கட்டணம் ஏறுகின்றது, ஆயினும் பாலும் மீனும் போதிய குளிர் பெறாது கெடுகின்றன.

இப்பனி வருவது காற்றிலிருந்தே. 30 சதமபாகை வெப்பநிலையில் ஈரம் நிறைந்த ஒரு கனமீற்றர் காற்றில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி உண்டு. கதவைத் திறக்குந்தோறும் அக்காற்று உட்புகுகின்றது. ஒவ்வொரு கிராம் நீராவியும் பனியாகும்போது சுமார் 2,800 யூல் வெப்பத்தை உள்ளே விடுகின்றது. ஆதலின் ஆவி பறக்கும் சொதியை மூடாது உள்ளே வைத்தலும், கதவைத் திறந்தபடி நின்று யோசித்தலும் தவிர்க்கத்தக்கன. கதவின் இறப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்தால் விளிம்பு பழுதுற்றதென அறியலாம்.

பனி கால் அங்குலம், அஃதாவது 6 மில்லிமீற்றர் தடிக்குமுன் அகற்றுதல் நன்று. மின்தொடுப்பை நீக்கி, உணவைத் தாளிற் சுற்றி வைத்து, கதவைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்தாற் போதும். கத்தியாற் சுரண்டுதல் ஒருபோதும் கூடாது. தகட்டில் ஊசித்துளை விழினும் உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும், பெட்டி பயனற்றதாகும். இக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ளது தீப்பற்றும் இயல்புடைய ஐசோபியூற்றேன் என்பதையும் நினைவிற் கொள்க.

தானே பனி நீக்கும் பெட்டிகளும் இப்போது உள. அவற்றினுள்ளே வெப்பக்கம்பியொன்று இடையிடையே சூடாகிப் பனியை உருக்குகின்றது. குளிரூட்டும் பெட்டிக்குள் சூடேற்றியையும் வைத்தார்கள் எனின், பனியால் விளையும் நட்டம் எத்தகையது என்பதை நாம் உணரலாம்.