அண்டை வீட்டு மடிச்சீலை

விக்கிரமசிங்கபுரத்தில் நாலு பேர் சேர்ந்து தேநீர் குடித்தால் ஐந்தாவது நிமிஷத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: “நம் ஊரில் எது இல்லை? வெளிநாட்டுக்காரன் ஏன் இங்கே எட்டிப் பார்க்க மாட்டேன் என்கிறான்?”

கேள்வியில் குற்றமில்லை. பொதிகைமலை இருக்கிறது, தாமிரவருணி இருக்கிறது, குற்றாலம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் தண்ணீர் விழுகிற அகத்தியர் அருவி இருக்கிறது. பாபநாசநாதரும் உலகம்மையும் இருக்கிறார்கள். தமிழுக்குச் சிவஞான முனிவரைத் தந்த ஊர் என்ற பெருமை வேறு. ஆனால் கேள்விக்கு நம்மவர்கள் சொல்லும் பதில் இருக்கிறதே, அதோடுதான் எனக்குச் சண்டை. விளம்பரம் போதாதாம். வரவேற்பு வளைவு கட்ட வேண்டுமாம். அருவிக்கு வண்ண விளக்குப் போட்டு, எதிரே ஒரு நட்சத்திர ஹோட்டலும் எழுப்பிவிட்டால் கூட்டம் தானாக வந்து குவியுமாம்.

வெளிநாட்டுக்காரன் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிகிறவன் கழுத்தில் காமிரா தொங்கும் வெள்ளைக்காரன். பக்கத்திலேயே ஒரு வெளிநாடு இருப்பது ஞாபகத்துக்கு வருவதில்லை. தூத்துக்குடியிலிருந்து ஓர் இரவுக் கடல் தூரத்தில் கொழும்பு இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் கொழும்புக் கடையை அறியாத பழைய குடும்பங்கள் குறைவு. 1914இல் தனுஷ்கோடி வழி திறப்பதற்கு முன் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடிக்கு வந்துதான் கப்பல் ஏறினார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அப்புறம் ராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1980களின் கலவரத்தோடு நின்றது. அண்டை வீட்டுக்குப் போகும் நடைபாதையில் முள் முளைத்துவிட்டது. நாமோ வாசலில் வளைவு கட்டப் பார்க்கிறோம்.

அண்டை நாட்டான் வருவதும் வராததும் மூன்று கணக்கைப் பொறுத்தது என்பது என் கட்சி. அவன் சம்பாத்தியம், இரண்டு நாட்டு நாணயங்களின் மாற்று விகிதம், வண்டிச்சத்தம். இந்த மூன்றும் கூடிவந்தால் வளைவில்லாமலே வருவான். கூடிவராவிட்டால் அகத்திய முனிவரே நேரில் போய் அழைத்தாலும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றுதான் சொல்லுவான்.

வண்டிச்சத்தத்தின் மகிமையை மற்ற ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கலாம், நமக்கு வேண்டியதில்லை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? தன் கப்பலின் அழகை வர்ணித்து விளம்பரம் செய்து கொண்டிருக்கவில்லை. கட்டணத்தை வெட்டியது. ஒரு ரூபாய்க்கு இறங்கியது. கடைசியில் இலவசமாக ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுத்ததாக நாம் இன்னும் சொல்லிக் கொண்டிருக்கிறோம். பிரயாணியின் மனசு எங்கே இருக்கிறது என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

நாணயத்துக்கு வருவோம். 1966 ஜூன் வரையில் இலங்கை ரூபாயும் நம் ரூபாயும் சரிக்குச் சரி. அந்த மாதம் நம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். இலங்கையின் நூறு ரூபாய் திடீரென்று நம்முடைய 157 ரூபாய்க்கு மேல் பெற்றது. கொழும்புக்காரருக்குத் தமிழ்நாடு மலிவாகிவிட்டது. ஆனால் பணத்தை வெளியே கொண்டுபோக அந்நாட்டுச் சட்டம் 1977 வரை இறுக்கிப் பிடித்திருந்தது. மடியில் பணமிருந்தால் போதாது, மடியை அவிழ்க்க அனுமதியும் வேண்டும் என்பது அப்போதைய பாடம்.

2022இல் நடந்தது இதற்கு நேர்மாறு. அந்த வருஷத் தொடக்கத்தில் நம் ஒரு ரூபாய் வாங்க இலங்கை ரூபாய் மூன்றுகூட வேண்டியிருக்கவில்லை. மே மாதத்தில் நாலரைக்கு மேல் போயிற்று. அதாவது, இங்கே பத்தாயிரம் ரூபாய் செலவாகும் யாத்திரைக்கு அங்கே ஒரு குடும்பம் இருபத்தேழாயிரம் எடுத்து வைத்திருந்தால், இப்போது நாற்பத்தாறாயிரம் வேண்டும். சம்பளமோ அதேதான். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய வருஷத்தைவிட ஏறக்குறைய 70 சதவிகிதம் ஏறி நின்றது. அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவனிடம் அருவியின் படத்தைக் காட்டினால் என்ன செய்வான்? 2024 முடிவில் அந்த நாலரை மூன்றரைக்குப் பக்கத்தில் இறங்கியது. இப்படி இறங்கும் நாள்தான் நாம் அழைக்க வேண்டிய நாள்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு. கை இறுகும்போது எவனும் பிரயாணத்தை முழுசாக விட்டுவிடுவதில்லை, நாளைக் குறைப்பான். திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டது நிற்காது. வேளாங்கண்ணி நிற்காது. கலியாணப் புடைவைக்குத் தியாகராயநகர் போவதும் நிற்காது. “அப்படியே பாபநாசம் போய் ஒரு முழுக்குப் போட்டு வரலாம்” என்ற அந்த நாலாவது நாள் இருக்கிறதே, அதுதான் முதலில் அறுபடும். கொழும்பில் நாணயம் சரிந்தால் கோயில் வாசலில் தேங்காய் பழம் விற்கிற அம்மாளுக்கு அன்றைக்கே நஷ்டம். ஏன் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. அவள் கிரகத்தை நோகிறாள்.

சரி, கப்பல் விட்டுப் பார்த்தோமே என்பார்கள். பார்த்தோம். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஆயிரம் பேர் ஏறக்கூடிய கப்பல் புறப்பட்டது, நவம்பரில் நின்றது. ஆளில்லை என்றார்கள். விமானக் கட்டணத்துக்கும் கப்பல் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓர் இரவை விற்க ஒருவனைத் துணியச் செய்ய வேண்டும்; அது இல்லாவிட்டால் ஆள் எங்கிருந்து வரும்? 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு விட்டார்கள். தொடக்க நாளில் சுமார் 3,000 ரூபாய், அப்புறம் 7,670. மூன்று நாலு மணி நேரக் கடலுக்கு இந்த விலை. ஒரு வாரத்தில் மழைக்காலத்தைச் சொல்லி நிறுத்தினார்கள். பிறகு 2024இல் தனியார் கப்பல் குறைந்த கட்டணத்தில் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிரயாணியை எதிர்பார்த்து முதல் வகுப்பு டிக்கெட் அச்சடிக்கிற புத்தியை என்னவென்று சொல்ல!

“எல்லாம் காசுதானா? அரசியல் இல்லையா?” என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உண்டு. 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கு வந்த இலங்கை யாத்திரிகர்களின் பஸ்களைத் தமிழ்நாட்டில் தாக்கினார்கள். அவர்களைத் தனி விமானத்தில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அங்கே நடந்த கொடுமைக்கு நம் நெஞ்சு கொதித்தது நியாயம். மெழுகுவத்தி ஏற்ற வந்தவன் மேல் அதைக் காட்டியது நியாயமில்லை. வடக்கே பாருங்கள். 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டாரில் முதலிடம் அமெரிக்கருக்கு இல்லை, வங்கதேசத்தாருக்கு. 25 லட்சத்துக்கு மேல். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு அவர்களுக்கு விசா சுருங்கியதும் கல்கத்தா நியூ மார்க்கெட் பக்கத்து விடுதிகள் காலியாயின. யாருக்கும் வேண்டாத சில்லறைப் பிரயாணி என்று நினைக்கப்பட்டவனின் சில்லறையில் ஒரு தெருவே வாழ்ந்திருக்கிறது.

இலங்கைக்காரர்கள் நம்மைவிடக் கணக்குத் தெரிந்தவர்கள். நெருக்கடி ஓய்வதற்குள், 2023 நவம்பரில், இந்தியருக்கு விசாக் கட்டணத்தை எடுத்தார்கள். 2024இல் இங்கிருந்து 4 லட்சம் பேருக்கு மேல் அங்கே போனார்கள். அசோகவனத்தையும் காட்டினார்கள், வாஸ்தவம். ஆனால் அதற்கு முன்னால் கதவைத் திறந்தார்கள்.

நஷ்டத்தில் கப்பல் ஓட்டச் சொல்லுகிறாயா என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்லுகிறேன். காரையாறு போகும் மலைச்சாலை லாபத்திலா ஓடுகிறது? அதைச் சாலை என்கிறோம், நஷ்டம் என்பதில்லை. கடலும் ஒரு சாலைதான். ஒரு குமாஸ்தா தன் மனைவி மக்களோடு ஏறக்கூடிய கட்டணத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விடுங்கள். விசாவுக்கு அவனை அலைக்கழிக்காதீர்கள். பாபநாசத்தில் நட்சத்திர ஹோட்டல் வேண்டாம்; சுத்தமான கக்கூசும் பூட்டு விழும் கதவும் உள்ள ஒரு சத்திரம் போதும். ஈரத்துணியை மாற்றப் பெண்களுக்கு நாலு சுவர் எழுப்புங்கள்.

வளைவுக்கு வைத்திருக்கும் சிமெண்டு அந்த நாலு சுவருக்குக் காணும்.