மழைக்கு முன் கத்தரியைத் தீட்டுங்கள்



மலபார் ஹில்லில் 1881ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட தொங்கும் தோட்டத்திற்குச் சென்றவர்கள், மிருகங்களின் வடிவில் வெட்டப்பட்ட செடிகளைக் கண்டு வியந்திருப்பீர்கள். அவ்வழகை உண்டாக்குவது இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட கத்தரியே. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் குடியிருப்புகளின் வேலிச்செடிகளை வெட்டிப் பிழைக்கும் சகோதரர்களுக்கும் அதுவே கருவி.

மழுங்கிய கத்தரி கிளையை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய நுனி பழுப்பேறிக் காயும். வெட்டுகிறவரின் தோளும் மணிக்கட்டும் வீணாய் வருந்தும். தீட்டாதவன் அதிக பலத்தைச் செலவழிக்க நேரிடும் என்னும் பிரசங்கி 10ஆம் அதிகாரத்தின் கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது.

வாங்கும்போது விலையை மட்டும் பாராதீர்கள். கத்தரியை மார்பளவு உயரத்தில் சற்றுநேரம் பிடித்துப் பாருங்கள். கை தளர்ந்தால் அது உங்களுக்கு ஏற்றதன்று. அலகுகள் அடிமுதல் நுனிவரை ஒன்றையொன்று உரசிச் செல்ல வேண்டும். நடுவில் முடுக்கக்கூடிய நட்டு இருப்பது நல்லது. கைப்பிடிகள் மோதுமிடத்தில் ரப்பர் இருந்தால் அதிர்வு குறையும்.

வெட்டுமுன் செடிக்குள் பறவைக்கூடு உண்டா என்று பாருங்கள். பென்சிலைவிடத் தடித்த கிளைக்குச் சிறு ரம்பத்தை எடுங்கள். கத்தரியில் திணித்தால் அலகு விலகிவிடும். வேலியின் அடி அகன்றும் மேற்பகுதி சற்றுக் குறுகியும் இருந்தால், கீழ் இலைகளுக்கும் வெயில் கிடைக்கும். அரளியை வெட்டினால் அதை ஆடுகளுக்குப் போடாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு.

வேலை முடிந்ததும் பிசினைத் துடைத்து, ஈரம் போக்கி, ஒரு துளி எண்ணெய் தடவுங்கள். மும்பையின் கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். தீட்டும்போது அலகின் சரிவான பக்கத்தை மட்டும், பழைய சரிவு மாறாமல், அரத்தால் ஒரே திசையில் தேயுங்கள். உட்புறத் தட்டையைத் தேய்த்தால் அலகுகள் பொருந்தாமற்போகும். சாணைக்குக் கொடுத்தால் அருகில் நின்று கவனியுங்கள். சூடேறி அலகு நீலம் பாரித்தால் எஃகின் பதம் போய்விடும்.

சொசைட்டிக் குழுவில் பொறுப்பு வகிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மலிவான கத்தரியால் மிச்சமாகும் பணம் சங்கத்திற்கு, வலியோ மாலியின் தோளுக்கு. ஜூன் மாத மழைக்கு முன்பே அவர் கையிலுள்ள கத்தரியை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.