தளபதிகளின் விசுவாசம்: சேந்தமங்கலத்திலிருந்து ஒரு பார்வை

2002இல் வெளிவந்த ‘மெடீவல் டோட்டல் வார்’ என்ற கணினி விளையாட்டில் ஒவ்வொரு தளபதிக்கும் சில மதிப்பெண்கள் உண்டு. படைநடத்தும் திறனுக்கு நட்சத்திரங்கள். மன்னனிடம் அவன் கொண்டுள்ள விசுவாசத்துக்குத் தனியாக ஓர் எண். எண் குறைந்தால் ஆட்டக்காரர் அவனுக்கு ஒரு மாகாணத்தின் பட்டத்தை அளிக்கலாம், இளவரசியை மணமுடித்துக் கொடுக்கலாம். எண் ஏறிவிடும். அப்படியும் தேறாதவனை ஒற்றர்களை ஏவித் துரோகக் குற்றம் சாட்டி ஒழிக்கலாம். உள்நாட்டுப் போர் மூண்டால் மன்னன் பக்கமா, கலகக்காரர் பக்கமா என்பதை ஆட்டக்காரரே தேர்ந்துகொள்ளலாம். இந்தக் கடைசி ஏற்பாட்டில் நல்ல வரலாற்றறிவு இருக்கிறது. ஆனால் பட்டமும் நிலமும் கொடுத்தால் விசுவாசம் கூடும் என்ற கணக்கை நம்முடைய நடுநாட்டின் பதின்மூன்றாம் நூற்றாண்டு ஒப்புக்கொள்ளாது.

திண்டிவனத்திலிருந்து வந்தவாசிக்குப் போகும் வழியில் தெள்ளாறு இருக்கிறது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் வெற்றியால் பெயர்பெற்ற ஊர். அங்கேயே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு போர் நடந்தது. காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், சோழப் பேரரசன் மூன்றாம் ராஜராஜனைத் தோற்கடித்து, உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கெடிலக்கரையில் உள்ள சேந்தமங்கலத்தில் அமைச்சர்களோடு சிறைவைத்தான். ஆண்டு 1231. (சேந்தமங்கலம் 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது; இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம்.)

கோப்பெருஞ்சிங்கன் எங்கிருந்தோ வந்த படையெடுப்பாளன் அல்லன். அவனுடைய முன்னோர் சோழருக்கு அடங்கிய தலைவர்களாக இதே பகுதியில் இருந்தவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்குப் பாடிகாவல் உரிமை இருந்தது. ஊரைக் காப்பதற்காக ஊரிடமிருந்து வரி பெறும் உரிமை அது. தஞ்சையோ கங்கைகொண்ட சோழபுரமோ தொலைவில். கள்வன் வந்தால் ஓடிவரும் காவலன் பக்கத்தில். நெல்லும் காசும் அவனிடமே சேர்கின்றன. ஒரு தலைமுறைக்கு மன்னனின் கொடையாக இருந்தது அடுத்த தலைமுறைக்குப் பரம்பரைச் சொத்து. மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே இத்தகைய தலைவர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை எழுதிக்கொண்டார்கள்: உன் பகைவன் எனக்கும் பகைவன், இன்னாரோடு நீயும் சேரக்கூடாது நானும் சேரமாட்டேன் என்ற வகையில். அவற்றைக் கோயில் சுவர்களிலும் வெட்டிவைத்தார்கள். அரியணையில் ஒருவன் இருக்கும்போதே இவை நடந்தன. விளையாட்டில் விசுவாசத்தை ஏற்றும் அதே கொடைதான் இங்கே விசுவாசத்துக்கான தேவையை இல்லாமலாக்கியது.

கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரம் கோயில் கல்வெட்டு இதன் பிற்பகுதியைச் சொல்கிறது. செய்தி கேட்ட போசள மன்னன் வீர நரசிம்மன் துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு வந்து பாச்சூரில் தங்கி, அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்ற இரு தண்டநாயகர்களை அனுப்புகிறான். அவர்கள் கோப்பெருஞ்சிங்கனின் ஊர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வருகிறார்கள். நடுவில் தில்லைக்குப் போய்ப் பொன்னம்பலத்தை வணங்கிவிட்டு மறுபடியும் அழிக்கிறார்கள். சேந்தமங்கலத்தை முற்றுகையிட இருந்த வேளையில் கோப்பெருஞ்சிங்கன் சோழனை விடுவிக்கச் சம்மதிக்கிறான்.

மீட்பின் கதையாகவே இக்கல்வெட்டு வாசிக்கப்படுகிறது. எரிந்தவை நடுநாட்டு ஊர்கள் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கவேண்டும். அந்த ஊர்களின் உழவனுக்கு ராஜராஜனிடம் எவ்வளவு விசுவாசம் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அதே கல்வெட்டில் ஒரு பெயர் என்னை நிறுத்தியது. அழிக்கப்பட்டவற்றுள் ‘சோழகோன்’ இருந்த ஊரும் ஒன்று. இவர் கோப்பெருஞ்சிங்கனின் அதிகாரி. சிதம்பரம் கல்வெட்டுகளிலும் செல்வாக்குள்ளவராகக் காணப்படுகிறார். சோழனைச் சிறைவைத்தவனின் முதன்மையான ஆள் சோழனின் பெயரைத் தாங்கியிருக்கிறார்! சோழர் ஆட்சி உச்சத்தில் இருந்தபோது தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டிய சேனாபதி கிருஷ்ணன் ராமனும் மும்முடிச்சோழ பிரம்மராயன் என்று மன்னன் பெயரையே பட்டமாகப் பெற்றார். அன்று அந்தப் பட்டம் ஓர் அரசனோடு ஆளைப் பிணைத்தது. 1231இல் பட்டத்தின் ஓசை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆணை பக்கத்துக் கோட்டையிலிருந்து வருகிறது. சோழகோன் தன் தலைவனுக்கு விசுவாசமாகவே இருந்தார். விளையாட்டின் எண்ணால் இதைக் குறிக்க முடியாது. அங்கே எல்லா அம்புக்குறிகளும் நடுவிலுள்ள ஒரே மன்னனை நோக்கியவை.

அப்பண்ணனும் கோப்பையனும் கோப்பெருஞ்சிங்கனைவிட நல்லவர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுடைய நிலமும் உறவும் கன்னட நாட்டில் இருந்தன. பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடையே அவர்களுக்குப் பாடிகாவல் ஏதும் இல்லை. சொன்னதைச் செய்துவிட்டுத் திரும்புவதே அவர்களுக்கு இலாபம்.

நம் சரித்திர நாவல்களும் இந்த விளையாட்டைப் போலத்தான் மனிதர்களை எடைபோடுகின்றன. ஒருவன் உயிரைக் கொடுப்பான், இன்னொருவன் காட்டிக்கொடுப்பான். இரண்டும் அவரவர் பிறவிக் குணம். அந்தப் பழக்கத்தில் கோப்பெருஞ்சிங்கனைத் துரோகி என்று சொல்லிவிடுவது எளிது. ‘பல்லவப் பேரரசின் மீட்பன்’ என்று கொண்டாடுவதும் அதே அளவுக்கு எளிது. இரண்டிலும் வரி யாரிடம் சேர்ந்தது என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. வேளைக்காரப் படையினர் தலைவனுக்காக உயிர்விடுவதாகச் சூளுரைத்தவர்கள் என்பது மறுக்க முடியாதது. அத்தனை கடுமையான சூளுரை ஏன் தேவைப்பட்டது என்றும் நாம் கேட்க வேண்டாமா?

சேந்தமங்கலத்தில் இன்று நிற்பது ஆபத்சகாயேசுவரர் கோயில். கோட்டை போன்ற மதிலுடையது. ஆபத்தில் துணைவரும் ஈசன் சோழனுக்குத் துணைவந்தாரா, காடவனுக்கா என்று சொல்வது கடினம். விடுதலையான ராஜராஜன் பெயரளவில் தொடர்ந்து ஆண்டான். 1243 முதல் கோப்பெருஞ்சிங்கன் என்ற பெயரிலேயே தனி ஆட்சியாண்டுகள் கல்வெட்டுகளில் எண்ணப்படுகின்றன. இவன் முதலாமவனின் மகன் என்பர். பின்னர் சடையவர்மன் சுந்தரபாண்டியன் படையோடு வந்து சேந்தமங்கலத்தைக் கைப்பற்றினான். விளையாட்டில் என்றால் ஒரு நட்சத்திரத் தளபதியை அங்கே அமர்த்தியிருப்பான். சுந்தரபாண்டியன் கோட்டையைக் காடவனிடமே திருப்பிக் கொடுத்தான்.